கட்டுச்சோற்றுக்கு ஓர் அட்டாலி

சிங்கப்பூர் போய் வந்தவனிடம் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். கட்டடமெல்லாம் எத்தனை உயரம், தெருவில் எச்சில் துப்பினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாமே, பறவைப் பூங்கா பார்த்தாயா என்று. எல்லாம் பார்த்தேன். ஆனால் அந்தப் பயணத்தில் கழுத்து வலிக்க நான் அண்ணாந்து பார்த்த இடம் வேறு. விமானத்துக்குள்ளே, உட்காருகிற இடத்துக்கு மேலே, கூரையை ஒட்டி, மூடி போட்ட அலமாரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கையில் கொண்டு வருகிற பைகளை ஏற்றி வைப்பதற்கு. என் அக்கா அதற்கு வைத்த பெயர் அட்டாலி. எங்கள் பக்கத்து வீடுகளில் விறகையும் பழைய அண்டாவையும் ஏற்றி வைக்கிற பரணுக்கு அதுதான் பேர். கட்டுரை முழுவதும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருப்பவன். ஒரே ஒரு தடவை, ஒரு கண்காட்சிக்காக, டில்லிக்கு விமானத்தில் போய் வந்திருந்தேன். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு சொந்தபந்தங்களிடம் பல வருஷம் பேசி ஓட்டியிருக்கிறேன். அப்படிப் பேசியதற்கு ஒருநாள் விலை கொடுக்க வேண்டி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனைமலையிலிருந்து அக்கா கிளம்பி வந்து, காபித் தம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"நம்ம ஒறம்பரைல ஏரோப்ளேன் ஏறுனவன் நீ ஒருத்தன்தான். மாமன் மொறையும் உனக்குத்தான். நீதான் தம்பி கூட வரோணும்."

அக்காவின் மகள் பூங்கொடிக்கு எட்டாம் மாதம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற தளத்தில் வேலை. எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கிற பெண்ணுக்குத் தாய்வீட்டில் வகை வகையாகச் சோறாக்கி, அடுக்கில் வைத்து, துணியால் கட்டி எடுத்துப் போய்ப் போடுவோம். கட்டுச்சோறு என்று அதற்குப் பெயர். விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குக் கையோடு கூட்டி வந்துவிடுவோம். பூங்கொடியை விமானம் ஏறக்கூடாது என்று அங்கத்து டாக்டர் சொல்லிவிட்டார். பெண் வர முடியாவிட்டால் என்ன, சோறு போகட்டும் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். மச்சான் கூட வரவில்லை. கறவை மாட்டை விட்டுவிட்டு அவர் பொள்ளாச்சிக்கே போகிறவரில்லை.

சிங்கப்பூரில் அரிசி இல்லையா, புளி இல்லையா, நீ அங்கே போயே ஆக்கிப் போடலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இதற்கு முன்னால் ஒரு தடவை பூங்கொடிக்கு மூன்று மாதத்தில் கலைந்து போயிற்று. அப்போது அக்காவால் போக முடியவில்லை. ஃபோனில் அழுததோடு சரி.

"போன தடவ நான் அவளுக்கு ஒண்ணுமே பண்ணல. இந்தத் தடவ என்ற பங்குக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது" என்றாள் அக்கா. "என்ற அடுப்புல ஆக்குன சோறுதான் போகோணும். வழில யாரும் அவுக்கக் கூடாது, சாயக் கூடாது, ஒருத்தர் காலடில படக் கூடாது. அவ கையாலதான் முடிச்ச அவுக்கோணும்."

டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் எடுத்த கதை தனிப் புராணம். அதை விட்டுவிடுகிறேன்.

ஐந்து வகைச் சோறு என்பது கணக்கு. தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும் மெட்ராஸ் தாண்டாது என்பதால், தாங்கக்கூடிய புளிச்சோறும் எள்ளுச்சோறும் எலுமிச்சஞ்சோறும் என்று மூன்றோடு அக்கா இறங்கி வந்தாள். மூன்றும் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரில் ஏறின. மஞ்சள் நனைத்த வெள்ளைத் துணியால் கேரியரைச் சுற்றி, உச்சியில் ஒரு முடிச்சு. புளிச்சோற்றுக்கு அவள் ஊற்றிய நல்லெண்ணெயைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். எண்ணெய் குறைந்தால் கெட்டுப்போகும் என்றாள். எண்ணெய் ஒழுகினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஆனைமலையிலிருந்து கோயமுத்தூர் வரை பஸ்ஸில் ராஜ மரியாதை. மஞ்சள் துணியைப் பார்த்ததுமே கண்டக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கட்டுச்சோறுங்களா? மின்னாடி சீட்டுக்கு வாங்க, தூக்கிப் போடாது" என்று, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார். அவரும் முணுமுணுக்காமல் எழுந்து போனார். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் பஸ்ஸைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். கிணத்துக்கடவு தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரம்மா எந்த ஊருக்கு என்று கேட்க, அக்கா சிங்கப்பூருக்கு என்றாள். பஸ்ஸே திரும்பிக் கேரியரைப் பார்த்தது.

ரயிலில் அக்கா படுக்கவே இல்லை. கீழ்ப் படுக்கையில் கேரியரைப் படுக்க வைத்தாள் என்று சொல்ல முடியாது, நிற்க வைத்தாள். அதற்குக் கொடுத்த இடம் போக மிச்சத்தில் சுருண்டு உட்கார்ந்தாள். நான் மேல் படுக்கையில் சுகமாகத் தூங்கினேன்.

மெட்ராஸ் விமான நிலையத்தில் சோதனை அதிகாரி கேரியரை அவிழ்க்கச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றாள். உள்ளே என்ன என்றார். சோறு என்றாள். சோறுதானே, அவிழ்த்துக் காட்டுவதில் என்ன என்றார். "முடிச்ச என்ற மகதானுங்க அவுக்கோணும். நீங்க என்ற மக இல்லீங்களே" என்று அக்கா மிகப் பணிவாக எடுத்துச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண் காவலர்தான், "மாசமா இருக்கற பொண்ணுக்கு சார், வுட்ருங்க" என்றார். கேரியரை இயந்திரத்தில் விட்டு, திரையில் மூன்று அடுக்கு தெரிகிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கண்டம் கழிந்தது, இனி நேரே ஏறி உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

விமானத்துக்குக் கூப்பிட்டதும் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இங்கேதான் என் டில்லி அனுபவம் வேலை செய்தது.

"உக்காரு அக்கா. சீட்டுல நம்பர் போட்டிருக்குது. நம்ம எடத்துல எவனும் உக்கார முடியாது. இதென்ன காந்திபுரம் பஸ் ஸ்டாண்டா?"

ஒருவழியாகக் கூட்டம் குறைந்து நாங்கள் வரிசைக்குப் போனால், அங்கே அக்காவின் குணம் வேலை செய்தது. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வாசலைக் கண்டால் அடுத்தவரை முன்னால் விட்டாக வேண்டும். கைக்குழந்தைக்காரி வந்தாள், "நீங்க போங்க". தள்ளாத பெரியவர் வந்தார், "நீங்க போங்க". தள்ளாமை எதுவும் இல்லாத, இரண்டு தோளிலும் இரண்டு பை தொங்கவிட்ட வாலிபன் வந்தான், அவனுக்கும் "நீங்க போங்க கண்ணு". அவர்களும் சந்தோஷமாகப் போனார்கள். ஒரு முழு விமானத்தையும் தன் கையால் வழியனுப்பி வைத்துவிட்டுத்தான் அக்கா கடைசியாக உள்ளே கால் வைத்தாள்.

எங்கள் சீட்டு எங்களுக்காகக் காலியாகத்தான் இருந்தது. அந்த வரையில் நான் சொன்னது சரி. ஆனால் அட்டாலிக்கு நம்பர் கிடையாது என்பதை எனக்கு டில்லியில் யாரும் சொல்லவில்லை. டில்லிக்கு நான் கொண்டு போனது ஒரு ஃபைல்தான்.

எங்கள் தலைக்கு மேலே இருந்ததைத் திறந்தேன். ஒரு பெரிய துணி மூட்டை, அதை ஒட்டி இன்னும் இரண்டு பைகள். அடுத்ததைத் திறந்தேன், அட்டைப்பெட்டிகள். அதற்கடுத்ததைத் திறக்க முயன்றபோது ஒரு குடையும் ஒரு பொம்மையும் என் தலையில் விழுந்தன. மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே மாதம் தவறாமல் பறக்கிற சின்ன வியாபாரிகள் அந்நாளில் நிறையப் பேர் இருந்தார்கள். போகும்போது துணிமணி, வரும்போது டேப் ரிக்கார்டர். குருவி என்று அவர்களுக்குப் பெயர். கதவு திறந்ததும் அவர்கள் ஏன் அப்படி ஓடினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சீட்டு ஓடிப் போகாது. அட்டாலிதான் நிறைந்து போகும்.

விமானப் பணிப்பெண் வந்தாள். சிங்கப்பூர்க்காரப் பெண், சிரித்த முகம். கேரியரைப் பார்த்துவிட்டு, முன் சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதே, அங்கே வைக்கலாமே என்று இங்கிலீஷில் சொன்னாள். குனிந்து பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி இடம். கேரியர் சாயாமல், நசுங்காமல் நிற்கும். அக்காவிடம் சொன்னேன்.

"ஏந்தம்பி, மின்னாடி ஒருத்தர் உக்காந்திருக்காரு. பின்னாடி நான் காலு நீட்டறன். நடுவுல என்ற மகளுக்குக் கொண்டு போற சோறா?"

பணிப்பெண் என்னைப் பார்த்தாள். "கால் படக்கூடாத உணவு" என்று மொழிபெயர்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் எங்கள் சமையல் அறையில் வைக்கிறேன், பத்திரமாக இருக்கும் என்றாள். நல்ல பெண். அக்காவும் எழுந்து அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். போன வேகத்தில் திரும்பினாள். அங்கே அடுக்கியிருந்த தட்டுகளில் கோழி இருந்ததாம். அக்கா ஞாயிறு தவறாமல் கோழி அடிக்கிறவள்தான். ஆனால் கட்டுச்சோற்றுக்குப் பக்கத்தில் கோழி ஆகாது.

அதற்குள் வெளியே படிக்கட்டை எடுக்க ஆள் வந்துவிட்டது. விமானத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்தார்கள். அக்காவால் உள்ளே அனுப்பி வைக்கப்பட்டவர்கள்தான் அவர்கள் எல்லோரும். ஒருவர்கூடத் தன் பையை நகர்த்தவில்லை. பணிப்பெண்ணின் சிரிப்பும் குறைந்துகொண்டே வந்தது. மூன்றில் ஒன்று என்றாள்: சீட்டுக்கு அடியில் வையுங்கள், அல்லது கீழே சரக்கோடு சரக்காகப் போடச் சொல்கிறேன், இரண்டும் முடியாது என்றால் நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள். சரக்கோடு போனால் கேரியர் குப்புறக் கவிழ்வது நிச்சயம்.

"என்னுங்கறா கண்ணு?" என்று கேட்டாள் அக்கா.

சொன்னேன். அக்கா ஒரு நிமிஷம் கேரியரைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப எறங்கிக்கறனுங்க" என்றாள்.

சும்மா சொல்கிறாள் என்று பணிப்பெண் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியும், இறங்கிவிடுவாள். மகளைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளைப் பார்ப்பதற்காக மூக்குத்தி முதற்கொண்டு கழற்றிப் படம் பிடித்துப் பாஸ்போர்ட் எடுத்தவள், இந்த ஒரு கேரியர் சோற்றுக்காக வாசலில் இருந்து திரும்பிப் போய்விடுவாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று பார்த்தபோதுதான், எங்கள் வரிசையில் நடைவழி ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் பட்டார்.

தலையில் வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, அறுபதை ஒட்டிய வயது. எங்கள் தலைக்கு மேலே இருந்த பெரிய மூட்டை அவருடையது. இத்தனை நேரமும் புத்தகம் படிக்கிற பாவனையில் இருந்தார். அக்காவின் பேச்சைக் கேட்டதும் பாவனை கலைந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?" என்றார்.

"ஆனைமலைங்க. நீங்க?"

"கோட்டமேடுங்க. துணி யாவாரம்."

கடல் தாண்டுகிற விமானத்தில் ஊர்க்காரர் கிடைத்துவிட்டார், இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

"நல்லதாப் போச்சுங் பாய். மேல இருக்கற உங்க மூட்டைய எறக்கிக் காலுக்கடில வெச்சுக்கறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வெச்சுக்கலாமுங்க்கா. ஆனா முடியாதுங்களே."

"ஏனுங்க முடியாது?"

"நாந்தான் மொதல்லயே வந்து மேல வெச்சுப்போட்டனுங்களே."

"வெச்சது தெரியுதுங்க. எறக்கறதுக்குத்தானுங்க கேக்கறன்."

"நீங்க கேக்கறது தப்பில்லீங்க. எறக்கறதுதானுங்க செரமம்."

"செரமம்னு தெரிஞ்சுதானுங்க உங்களைக் கேக்கறன். அடுத்தவங்களக் கேக்க முடியுமுங்களா?"

"கேக்காதீங்க. எங்கிட்டயே கேளுங்க. ஆனா எறக்க மாட்டனுங்க."

எங்கள் ஊர்ச் சண்டை இப்படித்தான். குரல் ஏறாது, மரியாதை இறங்காது. வெளியூர்க்காரர் பார்த்தால் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பணிப்பெண் என் காதருகே வந்து, "உங்கள் உறவினரா?" என்று கேட்டாள். இல்லை, சண்டை நடக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை.

கடைசியில் பாய்தான் கேட்டார். "அப்பிடி அதுல என்னதானுங்க இருக்குது? ஒரு கேரியருக்கா ஏரோப்ளேன விட்டு எறங்கறமுங்கறீங்க?"

"என்ற மகளுக்குக் கட்டுச்சோறுங்க."

பாய் புத்தகத்தை மூடினார். மஞ்சள் துணியைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார்.

"எத்தன மாசமுங்க?"

"எட்டு. போன தடவ நிக்கலீங்க."

அவர் எழுந்து நின்று, இடுப்புப் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, அட்டாலியைத் திறந்து மூட்டையை இழுத்து இறக்கினார். கனமான மூட்டை. அதைத் தன் காலடியில் தள்ளுவதற்காகக் குனிந்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்குள்ள என்னுங் பாய்?"

"பட்டுச் சேலைங்க. அங்க ஒரு செட்டியார் ஊட்ல கல்யாணம். முகூர்த்தப் பட்டும் இதுக்குள்ளதானுங்க இருக்குது."

அக்கா கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய்விட்டாள்.

"முகூர்த்தப் பட்டையா காலடில வெக்கப் போனீங்க? எடுங்க பாய். மொதல்ல எடுத்து மேல வைங்க."

"பரவால்லீங்க. சோறு மேல போகட்டும்."

"அதெப்பிடிங்க? ஒரு பொண்ணு கட்டிக்கப் போற சேலைய நீங்க எனக்காக மிதிக்க, நான் என்ற பொண்ணுக்கு அதுல சோறு கொண்டுட்டுப் போறதா? ஆகாதுங்க. பட்டுதான் மேல போகோணும்."

"வேண்டாங்க்கா. சோறுதான் போகோணும்."

"பட்டுங்க."

"சோறுங்க."

பணிப்பெண் என்னைப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் இரண்டு பேரும் மேலே இடம் வேண்டும் என்றார்கள். இப்போது இரண்டு பேருமே வேண்டாம் என்கிறார்களா?"

"ஆமாம்."

"ஏன்?"

பம்பு ஷாஃப்ட் விற்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் உண்டு. இதை விளக்குகிற அளவுக்கு இல்லை. "மரியாதை" என்றேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு அத்தோடு அடியோடு போய்விட்டது. பாயின் கையிலிருந்து மூட்டையைப் பிடுங்கினாள். கட்டைத் தளர்த்தி, உள்ளே இருந்த பொட்டலங்களை அட்டாலியில் பரப்பினாள். அக்காவின் கையிலிருந்து கேரியரை வாங்கி அதன் நட்டநடுவில் நிறுத்தினாள். சுற்றிலும் பட்டுப் பொட்டலங்களை வைத்துத் திணித்தாள். தன் உடம்பெடை முழுவதையும் கொடுத்து மூடியை அழுத்தினாள். "டக்" என்று அது மூடிக்கொண்டது.

அக்காவும் பாயும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். அக்காவுக்குச் சோறு நசுங்குமே என்று கவலை. பாய்க்கு வேறு கவலை. விமானம் நகர ஆரம்பித்த பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க்கா, உள்ள என்ன சோறுங்க?"

"புளிச்சோறு, எள்ளுச்சோறு, எலுமிச்சஞ்சோறு."

"புளிச்சோத்துக்கு எண்ண சித்த தூக்கலா ஊத்தியிருப்பீங்களோ?"

"எண்ண இல்லாம புளிச்சோறு தாங்குமுங்களா?"

"தாங்காதுங்க" என்றார் பாய். அண்ணாந்து மேலே பார்த்தார். சிங்கப்பூர் வரைக்கும் கழுத்தைக் கீழே இறக்கவில்லை.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் மேகத்தைப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே அந்தச் சீட்டை நான் பிடித்து வைத்திருந்தேன். மேகத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேருடைய கண்ணும் அட்டாலியின் விளிம்பிலேயே இருந்தது, அங்கே ஒரு சொட்டு எண்ணெய் தெரிகிறதா என்று. விமானம் குலுங்கும்போதெல்லாம் பாய் ஏதோ ஓதினார். அக்கா மாசாணியம்மனைக் கூப்பிட்டாள். நான் இரண்டிலும் சேர்ந்துகொண்டேன்.

சாப்பாடு வந்தது. தீப்பெட்டி அளவில் வெண்ணெய், உள்ளங்கை அளவில் ரொட்டி, விரலால் தொட்டால் நழுவுகிற ஒரு இனிப்பு. மகள் வாயில் சோறு படாமல் தன் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது என்று அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். பாய்க்கும் இறங்கவில்லை. பொட்டலத்தில் கறை பட்டால் கல்யாண வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது, இத்தனை வருஷமாக நம்பிக் கொடுத்தவர்கள் ஆயிற்றே என்றார். அக்காவுக்கு அது குத்தியிருக்க வேண்டும். "எங்களால உங்களுக்கு ஒரு கெடுதல் வந்தா என்ற சோறு என்ற மகளுக்குச் செரிக்காதுங்க பாய்" என்றாள். பிறகு அவர் எழுந்து போயிருந்த நேரத்தில், தான் கும்பிட்டதில் பாதியைப் பட்டுக்கு மாற்றிவிட்டதாக என்னிடம் சொன்னாள். மூன்று தட்டுச் சாப்பாட்டையும் நான் ஒருவனே பார்த்துக்கொண்டேன். கவலை வந்தால் எனக்குப் பசி எடுக்கும்.

சிங்கப்பூரில் சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, குருவிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். உட்காரச் சொல்லி ஒலிபெருக்கி கெஞ்சியது, யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. எங்கள் வரிசையில் மட்டும் யாரும் எழவில்லை. அட்டாலியைத் திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் அந்தப் பணிப்பெண்ணே வந்து திறந்தாள்.

கேரியர் நின்றபடியே நின்றது. முடிச்சு கலையவில்லை. அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் அடித்தட்டுக்கு நேரே மஞ்சள் துணி ஈரமாக இருந்தது, அதை ஒட்டியிருந்த பொட்டலத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். பாய் பொட்டலத்தைப் பிரித்தார். வெளியே ஒரு பழைய கைலி, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள்தான் பட்டு. எண்ணெய் கைலியோடு நின்றிருந்தது. பாய் பட்டை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தார்.

"பெருங்காய வாசம் அடிக்குதுங்க" என்றார்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"உடுங்க்கா. கல்யாணப் பொண்ணுக்குப் போற எடத்துல சோத்துக்குக் கொறை இருக்காதுன்னு சொல்லிக் குடுத்தர்றன்" என்று சிரித்தார் பாய். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "கொழந்த பொறந்தா நம்ம கடைக்குத் தாக்கல் சொல்லி உடுங்க, சட்டைத்துணி எடுத்து வெக்கறன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போனார். கடை எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. கோட்டைமேட்டில் தேடினால் கிடைக்காமலா போய்விடும்.

மாப்பிள்ளை வெளியே காத்திருந்தார். டாக்ஸிக்காரர் சீனர். கேரியரைப் பின்னால் டிக்கியில் வைக்கலாம் என்று கையை நீட்டினார். மூன்று பேரும் சேர்ந்து "வேண்டாம்" என்று போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பள்ளம் இல்லை, ஒரு மாடு இல்லை, ஹார்ன் அடிப்பாரே இல்லை. அக்கா எதையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னும் எத்தனை தூரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீடு அடுக்குமாடியில் பதினோராவது தளம். லிஃப்டில் வைத்து அக்கா எனக்குப் பாடம் நடத்தினாள். பூங்கொடியைக் கிழக்கே பார்த்து உட்கார வைக்க வேண்டும், மணைப் பலகை இல்லாவிட்டால் பாய் விரித்து அதன் மேல் கேரியரை வைக்க வேண்டும், மாமன் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவள் முடிச்சை அவிழ்க்க வேண்டும், கிழக்கு எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள் என்றாள். மாப்பிள்ளைக்குக் கிழக்கு தெரியவில்லை.

கதவு திறந்தது. பூங்கொடி வாசல் வரை வந்து நின்றாள். முகம் உப்பியிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி நடந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாதபடி வீங்கியிருந்தன. கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

அக்கா "என்ற கண்ணே" என்றாள். நான் கிழக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த கேரியரை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பூங்கொடியின் காலுக்கு ஒட்டி, வெறும் தரையில், அது நின்றது. ஆனைமலையிலிருந்து யார் காலடியிலும் படாமல் வந்த சோறு. மகளின் ஒரு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொலுசை நெகிழ்த்தி விட்டு, அக்கா அமுக்க ஆரம்பித்தாள். அவள் அழுதாள். அழுததை மறைக்கவில்லை.

பூங்கொடிக்கு முறைகள் தெரியும். அவசரமாகக் காலை இழுக்கப் பார்த்தாள்.

"அம்மா, சோறு. காலு படுது பாரு."

"படட்டும் உடு" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "உன்ற காலுதான."